பிரிக்காத கடிதம்

"இருபத்திரண்டு புத்தகம் எழுதியிருக்கே. எத்தனை பேரை நிலவறைக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கே. ஒரு கவரைப் பிரிக்க உனக்குத் தைரியம் இல்லையா?"

லார்னா சமையலறை மேஜையில் கவரை ஓங்கி வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அவள் மார்பில் தட்டுப்பட்ட கட்டியின் பரிசோதனை முடிவு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பேய்க்கதை என்றாலே பெயர் சொல்லப்படும் அவள் கணவர் ஆல்டன், அதைத் தொடாமல் வான்கோழிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீயே பிரியேன்."

"என்னால முடியாது. நீதான் படிச்சுச் சொல்லணும்னு அன்னிக்கே பேசிக்கிட்டோம். டாக்டர் முன்னாடி 'எங்கிட்ட விடு'ன்னு ஜம்பம் அடிச்சதும் நீதான்."

"நாளைக்குத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குப் பசங்க வர்றாங்க. விருந்து முடியட்டும், லார்னா."

"திங்கட்கிழமை தலைவலின்னே. நேத்து கண்ணாடியைக் காணோம்னே, அது உன் நெத்தி மேலயே இருந்தது. இன்னிக்கு வான்கோழி."

ஆல்டன் உப்பு டப்பாவை மூடிவிட்டு மிளகை எடுத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக இந்த மனிதரின் பேய்களை எல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் அவள். ஒரு பேய்க்கும் பயந்ததில்லை. ஆனால் இந்தக் கவர் வந்த நாளிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்காமல்தான் படுத்தாள்.

"'தெரியாததுதான் பெரிய பயம்'னு போற இடமெல்லாம் பேசுறியே. தெரிஞ்சுட்டா பயம் போயிடும்ல? பிரிச்சுத் தொலையேன்யா."

"அது கதைக்குச் சொன்னது."

"உன்னைப் போய் சூரன்னு நம்புறாங்க பாரு வாசகருங்க. தொடைநடுங்கி."

"சரி, தொடைநடுங்கிதான். வெள்ளிக்கிழமை காலையில கண்டிப்பா பிரிக்கிறேன்."

"அதுக்கு மேல ஒரு நாள் தள்ளினாலும் வான்கோழிக்கு வச்ச கத்தி உனக்குத்தான்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ளக் கிரான்பெரிப் பழம் வாங்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வர, கோட்டை மாட்டிக்கொண்டு, வாசல் வரை அவரைத் திட்டிக்கொண்டே போய்க் காரைக் கிளப்பினாள்.

கார் சத்தம் தேய்ந்ததும் ஆல்டன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கவரை எடுத்தார். திங்கட்கிழமை அவள் கண்ணில் படுவதற்கு முன்பே கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய மடிப்பு, மறுபடியும் ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. பசையைத் தடவி, மூன்றாவது முறையாக ஒட்டினார்.