டிஷர்ட்டில் ஒரு நண்பன்

மாரத்தான் எல்லைக்கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கணக்காளரின் டிஷர்ட்டைத் தொப்பி போட்ட ஒருவன் கொத்தாகப் பிடித்தான். அதில், மாலை போட்ட நண்பனின் படம். கீழே, ‘மனநலத்துக்காக ஓடுகிறோம்.’

“கழட்டுடா இதை!”

“எவன்யா நீ? என் உயிர் நண்பன் ஞாபகார்த்தமா ஓடி, காலு ரெண்டும் கழண்டுபோய் நிக்கிறேன்!”

“எப்படிச் செத்தான்?”

“மன அழுத்தம். வேலையை விட்டான், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை விட்டும் போயிட்டான். மறுவாரமே யாரோ கண்ணீர் அஞ்சலி போட்டாங்க.”

“வீட்டுக்குப் போய்ப் பாத்தியா? ஒரு போனாவது பண்ணினியா?”

“அதுக்கெல்லாம் நேரம் ஏதுய்யா? ஒரு வருஷமா விடிஞ்சா ஓட்டப் பயிற்சி!”

அவன் தொப்பியைக் கழற்றினான். மாத்திரைகளால் ஊதிப்போன முகம். ஆனால், படத்தில் இருந்த அதே பூனைக்கண்கள்.

“நம்பரைக்கூட நான் மாத்தலையேடா, பாவி!”