மலைச்சாலையில் ஒரு கால்

மலையிலிருந்து இறங்கும் ஆட்டுமந்தை சாலையை அடைத்துக்கொண்டு நகர்கிறது. நடுவில் கார் நிற்கிறது. கண்ணாடிக்கு வெளியே தூசியும் வெயிலும் ஒன்றாக மிதக்கின்றன. பின் இருக்கையில் சாய்ந்திருக்கும் தொக்தோசுன் கொரோனாவிலிருந்து எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவருடைய வலது கால் மனைவி சைராகுலின் மடியில், கம்பளிக்குள் கிடக்கிறது. குளிர் ஏறிவிட்டது என்று நினைத்துக் காலையில் ஆட்டுவால் கொழுப்பைச் சுடவைத்துத் தேய்த்தவள் அவள்தான். "தேய்க்காதீங்க, ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு, உடனே நகரத்துக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்று ஊர் நர்ஸ் கத்தியதிலிருந்து அவள் கை அந்தக் காலைத் தொடவே பயப்படுகிறது. கார் முழுக்கக் கொழுப்பு வாடை.

காரோட்டும் அவள் தம்பி ஜெனிஷ் ஹாரனில் கை வைக்கிறான்.

"டேய், அடிக்காதே. ஆடு மிரண்டா பள்ளத்துல பாயும். மேய்க்கிறவன் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு?"

"ஆட்டை விடுங்க அத்தான், காலைப் பாருங்க!"

"காலுக்கு என்னடா? காலையில உயிர் போச்சு, இப்ப வலியே இல்ல. எல்லாம் உங்க அக்கா கைராசி."

சைராகுல் கம்பளியை விலக்குகிறாள். விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருக்கின்றன. கால் பெருவிரலில் தன் கைக் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துகிறாள். இன்னும் அழுத்துகிறாள். நகம் பதிகிறது. தொக்தோசுன் ஜன்னல் வழியே ஒரு கிடாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஜெனிஷ்," என்கிறாள் அவள், "ஹாரனை அடி."