சீரோ காட்டிய மீட்டர்

"அந்த மஞ்ச மீட்டர் வேணாம்மா. கீழ வை," என்றார் உடையப்பன்.

தர்மினி கீழே வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலேசியாவின் ஈப்போ பழைய நகரத்தில் இருந்த அந்த எலக்ட்ரானிக் கடை உடையப்பனுடையது. இப்போது வியாபாரத்தைக் கவனிப்பதெல்லாம் கடைப்பையன் ரூபன்தான். உடையப்பன் கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மகள் தர்மினியும் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் விளக்கு எரியவில்லை என்று, சரிசெய்ய அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மழை விட்டபிறகு போங்கள் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அழுத்தக்காரி, அப்படியே அவரை உரித்து வைத்தவள்.

அவளுக்கு எங்கிருந்துதான் இந்தக் கிறுக்குப் பிடித்ததோ, வீடியோ பார்த்துச் சின்னச் சின்ன சர்க்கிட் செய்ய ஆரம்பித்திருந்தாள். இன்றைக்கு முதல் மல்டிமீட்டர் வாங்க வந்திருக்கிறாள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான். கூடவே பயமும்.

"புதுசா பழகறவங்களுக்கு இது போதும்லா அக்கா," என்றான் ரூபன். "பேட்டரி பாக்கலாம், பல்பு பாக்கலாம். மலிவு, பொருளும் பாகுஸ், நல்லாவே இருக்கும்."

பேட்டரியோடு நிற்கிறவளா அவள்? வீட்டு ஃபேனைக் கழற்றிப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். "வயர்ல வச்சு சீரோ காட்டுனா, தொடலாம்தானே?"

"தைரியமா தொடலாம்," என்றான் ரூபன்.

உடையப்பன் முக்காலியில் முன்னால் சாய்ந்தார். மீட்டர் கெட்டிருந்தாலும் சீரோதானே காட்டும்? முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து மீட்டரைச் சோதி, அப்புறம் வயரில் வை, மறுபடியும் மீட்டரைச் சோதி. இதைச் சொல்லாமல் எந்த வாடிக்கையாளரையும் அவர் அனுப்பியதில்லை. இந்தப் பயல் அதை மென்று விழுங்கிவிட்டு பில் போடக் குனிந்துவிட்டான்.

"மொதல்ல நம்ம பலகையில வச்சுப் பாரும்மா," என்று கத்தினார். "எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். இத மட்டும் கேளு."

தர்மினி சட்டென்று நிமிர்ந்தாள். சிலிர்த்த கையைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, சுவரில் சோதனைக்கென்று மாட்டியிருந்த பலகைக்கு அருகே போய் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தாள். பலகையில் கரண்ட் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் சீரோ காட்டியது.

ரூபன் ஓடிவந்து மீட்டரின் வயரை அசைத்தான். எண் ஒரு தரம் துள்ளிவிட்டு மறுபடி சீரோவில் விழுந்தது. வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

அவள் மஞ்சள் மீட்டரைத் தள்ளிவிட்டு, தடித்த வயர் உள்ள சிவப்பு மீட்டரை எடுத்துப் பலகையில் வைத்தாள். 240 என்று அசையாமல் நின்றது. உடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது.

எப்படி அக்கா சோதிக்கத் தோன்றியது என்று ரூபன் கேட்டான்.

"தெரியல. யாரோ காதுகிட்ட கத்துன மாதிரி இருந்துச்சு." "அவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யற அப்பா கோயில்ல எப்படி ஷாக்கடிச்சுச் செத்தாருன்னு இப்பதான் புரியுது ரூபன். ஊருக்கெல்லாம் சொன்னவரு, அன்னிக்கு மழை அவசரத்துல மீட்டர சோதிக்காம சீரோவ நம்பித் தொட்டிருக்காரு."

ரூபன் கல்லாவுக்குப் பின்னாலிருந்த முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். தர்மினி போய் அதில் உட்கார்ந்தாள்.

உடையப்பன் இன்னும் அதிலிருந்து எழுந்திருக்கவில்லை.