கிழக்கு பார்த்த குழி

செடெனாக் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கிடையே பனி விலகி வெயில் விழுகிறபோதுதான், தான் வெட்டிய குழி தெற்கு வடக்காகக் கிடப்பதைச் சின்னத்தம்பி பார்க்கிறான். அமலதாஸ் கோபிக்கவில்லை. காய்ச்சலில் இறந்த தன் மனைவி செசிலியா பாயில் கிடக்க, மண்வெட்டியால் கிழக்கு மேற்காகக் கோடு கிழிக்கிறான். “மண்ணுக்குள்ள போறவங்களுக்குத் தெசை எதுக்குண்ணே?” என்கிறான் சின்னத்தம்பி. “எந்திரிக்கப் போறவளுக்கு வேணும்ப்பா. ஆண்டவரு கெழக்கேருந்து வருவாரு. எந்திரிச்சதும் அவரு மொகத்தப் பாக்கணும்.” சாயங்காலம் மழை வரும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். போன மாதம்தான் சின்னத்தம்பி தன் மகளைப் புதைத்திருந்தான். புதுக் குழி ஆழமானதும், கால்மாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் வேரைக் குனிந்து வெட்டுகிறான். “அது கெடக்கட்டும்ப்பா” என்கிறான் அமலதாஸ். சின்னத்தம்பி நிமிரவில்லை. “எந்திரிக்கையில கால் தடுக்கும்ண்ணே.”