கை வீசி நடந்தவர்

"ஏஞ்சாமி, சீக்காளிப் பொம்பள பையத் தூக்கிட்டு முக்கி முனகி வாரா. நீ கைய வீசிட்டு முன்னால போற. உனக்கே நல்லா இருக்குதா?"

சேலம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததுமே முத்தாயம்மாள் ஆரம்பித்துவிட்டாள். தம்பி சென்னியப்பன் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். அவர் மனைவி வசந்தாமணிதான், "இருக்கட்டுங்க நங்கையா, கனமே இல்லீங்க" என்று நாத்தனாரைச் சமாதானப்படுத்திவிட்டுப் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பைக்குள் தண்ணீர்க் கூஜாவும் மாற்றுத் துணியும் டாக்டருக்கென்று ஒரு பெரிய சீப்பு வாழைப்பழமும் இருந்தன. அது எப்படிக் கனக்காமல் இருக்கும்?

தம்பியும் அவர் மனைவியும் பரமத்தி வேலூரிலிருந்து வந்த பஸ்ஸில் முத்தாயம்மாள் ராசிபுரத்தில் ஏறிக்கொண்டாள். அவளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் வருவேன் என்கிற ரகமும் இல்லை அவள்.

போன வருஷம் மெட்ராஸில் மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய் என்ற சொல்லை உறவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சேலத்து டாக்டர் சுவாமிநாதன் ஒரு ஹார்மோன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தார். கட்டி மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. ஆனால் சிலருக்கு அது ரத்தத்தை உறைய வைத்துவிடும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வரவேண்டும் என்றும் எச்சரித்திருந்தார்.

நேற்று ராத்திரி நெஞ்சு வலி வந்தேவிட்டது. இதயத்தில் கோளாறு என்றால் மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் கட்டி திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிற நிலைமை.

முத்தாயம்மாளுக்கு இதய நோய் என்ற பேச்சே ஆகாது. அவளுடைய அப்பா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தம்பி மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததும் மீதிக் கணக்கையும் தீர்த்துக்கொண்டாள். கிணற்றில் தண்ணீர் சேந்துவது யார்? வசந்தாமணி. வெற்றிலைக் கட்டைத் தூக்கித் தலையில் வைப்பது யார்? அதுவும் வசந்தாமணி. இவர் மட்டும் கொடிக்காலுக்குள்ளேயும் மடிப்புக் கலையாத சட்டையோடு மேற்பார்வை பார்க்கிறாராம். கோயிலுக்கு வந்தாலும் வாசலோடு நின்றுவிடுகிறாராம். பெண்டாட்டிக்கு இப்படி ஆனதற்குச் சாமி மேல் கோபித்துக்கொள்ளத் தெரிகிறது, அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லையா என்று கேட்டாள்.

சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர்களெல்லாம் அவரைத்தான் பார்த்தார்கள்.

"பரமத்தி வேலூர்ல இருந்து வந்தவங்க உள்ள வாங்க. கூட ஒருத்தர் வந்தாப் போதும்" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

முத்தாயம்மாள் எழுந்தாள். "நீ இரு தம்பி. பொம்பளைக்குப் பொம்பள நான் போறேன்."

"வேண்டாங்க்கா. நாங்களே போய்க்கறோம்" என்றார் சென்னியப்பன். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். இருவரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

முத்தாயம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தக் கல்மனசுக்காரனிடம் வசந்தாமணியை விட்டுவைக்கக் கூடாது, இன்றைக்கே ராசிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள். அதற்கு முதலில் நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுமே என்ற நினைப்பு வந்ததும் கோபம் இறங்கிவிட்டது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள்.

டாக்டர் சுவாமிநாதன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஈ.சி.ஜி. எடுத்த நீளக் காகிதம். முத்தாயம்மாள் பெஞ்சை விட்டு எழுந்தாள்.

"நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லீங்களே, சாமி?"

"ஒண்ணும் இல்லைம்மா. இதயம் நல்லா வேலை செய்யுது. கால்ல வீக்கம் இல்லை, ரத்தம் உறைஞ்சதுக்கான அறிகுறியும் இல்லை. ஆபரேஷன் செஞ்ச பக்கம் தசை இழுத்துப் பிடிச்சிருக்கு, அந்த வலிதான். மாத்திரையைத் தைரியமாத் தொடரலாம். நான் அப்பப்ப பார்த்துக்கறேன்."

முத்தாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாதக்கணக்காக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது போல் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களிடமெல்லாம், ஒன்றும் இல்லையாம், ஒன்றும் இல்லையாம் என்று சொன்னாள். பிறகுதான் தன் முடிவு ஞாபகம் வந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வசந்தாமணியை அழைத்துப் போக உள்ளே நுழைந்து திரையை விலக்கினாள்.

வசந்தாமணி கையில் சட்டையோடு நின்றிருந்தாள். நர்ஸ் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்த கட்டிலில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தவர் சென்னியப்பன். அவருடைய இடது மார்பு இருந்த இடத்தில், அக்குள்வரை நீண்ட தழும்புதான் இருந்தது.

"இந்த நோவு ஆம்பளைக்கும் வருமாமுங்க நங்கையா. வெளிய தெரிஞ்சா தலைகாட்ட முடியாதுன்னு இவரு ஒடுங்கிப் போயிட்டாரு" என்று வசந்தாமணி அவர் தோளில் சட்டையைப் போர்த்தினாள். "ஊருக்குள்ள அது எம்பேர்லயே இருந்துட்டுப் போகட்டுங்க."