நகலெடுத்து ஒட்டிய வரையறை

வெள்ளிக்கிழமை தானே எழுதிய வரியை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

ஒரு மருத்துவமனைக்கான நிரல் அது. அதில் மாட்யூல் எனப்படும் பகுதிகள் இரண்டு. பெரிய மாட்யூல் மருந்தின் அளவைக் கணக்கிடும். அதற்குள் இருக்கும் சின்ன மாட்யூல் அதைக் குழந்தைகள் வார்டின் திரையில் காட்டும்.

மருந்தளவு என்றால் என்ன என்று வெளியே, பெரிய மாட்யூலில் ஒரே இடத்தில் வரையறுத்து, உள்ளேயும் அதையே பகிர்ந்திருக்க வேண்டும். சோம்பல். இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் அந்த வரையறையை நகலெடுத்து உள்ளே ஒட்டிவிட்டாள்.

போன வாரம் வெளியே இருந்த வரையறை மாறியது. ஒரு வேளைக்கான அளவு, ஒரு நாளைக்கான அளவு ஆனது.

உள்ளே இருந்த நகலை யாரும் தொடவில்லை.

நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் மட்டும் விடவில்லை. இரண்டும் வேறு வேறு டைப், வேறு வகைத் தரவு, பொருந்தாது என்று முரண்டு பிடித்தது. நான் ஒட்டியதுதானே, எனக்குத் தெரியாதா என்று அவள் வெள்ளிக்கிழமை அந்த ஒரு வரியைப் போட்டு அதன் வாயை அடைத்தாள். அவ்வளவு பெரிய மேதாவி.

மூன்று நாளாக, நாள் முழுவதற்குமான மருந்து ஒரு வேளை மருந்தாகத் திரையில் வந்துகொண்டிருக்கிறது.

மணி பதினொன்று ஐம்பது. மதிய மருந்து பன்னிரண்டுக்கு.

டீம் லீட் சேந்தனிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரத்தில் திருத்தி ஏற்றிவிடலாம் என்றார். டாக்டர்கள் பார்க்காமலா கொடுப்பார்கள் என்றும் கேட்டார்.

“சத்தமில்லாம சரி பண்ணி உட்ருங்க. வெளிய மூச்சு விடாதீங்க.”

டாக்டர்கள் பார்ப்பார்கள்தான். அந்தத் திரையைத்தான் பார்ப்பார்கள்.

அவள் படிக்கட்டில் இறங்கி நின்று வார்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு நர்ஸ் எடுத்தார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அழத் தெம்பிருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

திரையில் வரும் அளவு தவறு, அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மருந்து டிராலியை நிறுத்தச் சொல்லி நர்ஸ் யாரிடமோ கத்தினார். பிறகு காகிதம் புரளும் சத்தம்.

“டாக்டர் கேப்பாங்க, எழுதி வைக்கணும். இந்தத் தப்பு யாரு பண்ணுனதுன்னு தெரியுங்களா?”

மேலே கதவு திறந்தது. சேந்தன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் போனில் தன் பெயரை இனிஷியலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.