சீனப் பேப்பரிலும் ஒன்று

"தமிழ்ப் பேப்பருக்கு இது சரி. சீனப் பேப்பர்லயும் ஒண்ணு போடணும், தங்கச்சி" என்றார் கதிரேசன்.

அமலா தட்டச்சை நிறுத்தினாள். தஞ்சாவூரிலிருந்து வந்து, சிராங்கூன் ரோட்டில் பத்திரிகை விளம்பரம் வாங்கும் இந்தக் கடையில் சேர்ந்து எட்டு மாதம். ஒரு தமிழ் அம்மாவின் மரணச் செய்தியைச் சீனத்திலும் போடச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

"அம்மா ஏதும் பெரிய பிசினஸ் பண்ணாங்களா, சார்?"

"இல்ல. ஸ்கூல் கேன்டீன்ல தோசை சுட்டாங்க."

பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னார். அவள் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே கையில் வைத்திருந்தார்.

விளம்பரத்துக்கு அவர் கொண்டுவந்த படத்தில் அவருடைய தாயார் தனபாக்கியம் அம்மாள் பட்டுச் சேலையும் பெரிய பொட்டுமாக, கண் மறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பங்களுக்கா, சார்? உங்க அடுக்குமாடி பிளாக் கீழ நோட்டீஸ் ஒட்டினா போதுமே."

"எங்க மார்சிலிங் ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும். நேத்தே வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க."

அவருடைய கைபேசி அடித்தது. "போடத்தான் போறேன்க்கா. அம்மா இருந்தவரைக்கும் நீ வேணாம் வேணாம்னே, கேட்டுக்கிட்டேன். இனிமே முடியாதுலா." வைத்துவிட்டார்.

அமலா மெல்லக் கேட்டாள். "தமிழ்ல 'முத்தையா – அஞ்சலை தம்பதியின் மகள்'னு போட்டிருக்கு. சீனத்துலயும் அப்படியே போட்டுரலாமா?"

"அது வேணாம். பேரு கூடச் சின்னதா இருக்கட்டும். பொறந்த தேதியப் பெருசாப் போடுங்க. கேகே ஆஸ்பத்திரின்னும் சேர்த்துக்குங்க."

"அங்கதான் இறந்தாங்களா, சார்?"

"பொறந்தாங்க."

எழுபத்து நாலு வயதில் இறந்தவருக்குப் பிறந்த ஆஸ்பத்திரி எதற்கு? துக்கத்தில் மனுஷர் குழம்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் அமலா. இருந்தாலும் அவர் சொன்னதைச் சொன்னபடியே தட்டினாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு மண்டாய்ல தகனம். காலைப் பேப்பர்ல வந்துரும்ல?"

"வந்துரும், சார். ஆனா இதைப் பார்த்துட்டு யார் வரப்போறாங்க? உங்க சொந்தத்துல சீனம் படிக்கிறவங்க இருக்காங்களா?"

கதிரேசன் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"முத்தையா – அஞ்சலை அம்மாவ எடுத்து வளர்த்தவங்க, தங்கச்சி. பெத்தவங்க சீனவங்க."